பதில் வராத கடிதங்கள்

வியாபாரத்தில் ஈடுபட்டிருக்கும் நம் சகோதரர்கள் நாலு பேர் கூடுகின்ற இடத்தில் இப்பொழுது அடிக்கடி காதில் விழுகிற குறை ஒன்று உண்டு. “எழுதிப் போட்டேன், பதிலே இல்லை” என்பதுதான் அது. எழுதிப் போட்டது தபால்காரர் கொண்டுவரும் கடிதமன்று, மின்னஞ்சல். சரக்கின் விலை கேட்டு எழுதியவருக்குப் பதில் இல்லை. பாக்கியை நினைவூட்டியவருக்குப் பதில் இல்லை. வேலை கேட்டு விண்ணப்பித்த வாலிபருக்குப் பதில் இல்லை. ஊர் மதரஸாவின் கூரை ஒழுகுகிறதென்று எழுதிய ஆலிமுக்கும் பதில் இல்லை. இப்படிக் குறை சொல்லுகிறவர் மீதே, இதே குறையை இன்னொருவர் வேறோரிடத்தில் சொல்லிக் கொண்டிருப்பதும் உண்டு.

இதனை மரியாதைக் குறைவு என்று சொல்லிப் பலர் அத்துடன் விட்டுவிடுகின்றனர். மரியாதை மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமாயிருந்தால் இந்தப் பக்கங்களில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை. ஒருவருடைய கொள்முதல், ஒருவருடைய சம்பளம், ஒரு வீட்டாருடைய மானம் ஆகியவை அந்தப் பதிலுக்காகக் காத்து நிற்கின்றன. ஆகவே பதில் எழுதுவது நம்மீது கடமையா, கடமையெனில் எவருக்கு என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பதில் வராதபோது எழுதியவர் அந்த மௌனத்துக்கு என்ன பொருள் கொள்ளலாம், எவ்வளவு தூரம் போகலாம் என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

நம் முன்னோர் காலத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக எழவில்லை. சென்னை, நாகப்பட்டினம் துறைகளிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ரஜூலா கப்பல் 1926 முதல் 1973 வரை ஓடியது. கடலைக் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம். கப்பல் தபாலில் போட்ட கடிதம் போய்ச் சேர்ந்து, படித்து, மறுமொழி எழுதி, அது அடுத்த கப்பலைப் பிடித்து வந்து சேர மாதக் கணக்காகும். விமானத் தபால் வந்த பின்னரும் எத்தனையோ சங்கதிகள் ஊருக்குப் போகிறவர் கையில்தான் போயின. அந்தத் தாமதத்திலே ஒரு ரஹ்மத்தும் இருந்தது. பதில் வரவில்லையென்றால் பழியைக் கப்பல் மேல் போடலாம்; தபால் மேல் போடலாம்; வாங்கிப் போனவருடைய மறதியின் மேல் போடலாம். எழுதப்பட்டவர் மீது சந்தேகம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வரும்.

இன்றோ கண் இமைப்பதற்குள் கடிதம் போய்ச் சேருகிறது. வாட்ஸ்அப்பில் 2014ஆம் ஆண்டு முதல், படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறியும் விழுகிறது. கப்பலும் இல்லை, தபால்காரரும் இல்லை. எனவே சந்தேகம் நேரே மனிதர் மீதே போய் விழுகிறது. சாயங்காலம் எழுதிவிட்டு, மறுநாள் காலையில் பதிலைக் காணோமென்றால் நம்மில் சிலருக்கு மனம் புண்பட்டுவிடுகிறது.

பழைய கடை ஃபைல்களைப் புரட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அக்காலத்து வியாபாரக் கடிதம் எதைப் பற்றியதானாலும், “தங்களுடைய 14ஆம் தேதிக் கடிதம் கிடைத்து விபரம் அறிந்தோம்” என்றுதான் ஆரம்பிக்கும். சொல்ல வந்த சங்கதி அதற்கப்பால். வெறும் சம்பிரதாயம் என்று நினைத்து அந்த வரியை நாம் கைவிட்டு விட்டோம். ஆனால் பாதிப் பதில் அந்த ஒரு வரியிலேயே அடங்கியிருந்தது. சரக்கு இருக்கிறதா, பணம் வருமா என்பதெல்லாம் பிறகு. முதலில், அனுப்பியது கிடைத்ததா? காத்திருப்பவனுடைய மனவேதனையில் பெரும் பங்கு இதுதான்.

இனி, கடமை உண்டா என்று பார்ப்போம். ஸலாம் சொன்னவருக்கு அதனினும் அழகியதாகவோ, குறைந்தபட்சம் அதே போன்றோ பதில் சொல்ல வேண்டுமென்று திருமறையின் அன்னிஸா அத்தியாயம் 86ஆம் வசனம் ஆணையிடுவதை நம்மில் அறியாதவர் இல்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இதைக் கடிதத்துக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். ஸலாமுக்குப் பதில் சொல்வதைப் போலவே கடிதத்துக்கு மறுமொழி எழுதுவதும் ஒரு ஹக்கு என்று தாம் கருதுவதாக அவர்கள் கூறியிருப்பதை, இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தமது ‘அல் அதபுல் முஃப்ரத்’ என்னும் நூலில் பதிவு செய்துள்ளார்கள். ஹக்கு என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஹக்கு என்றால் அது எழுதியவருடைய உரிமை. நாம் பெரிய மனது பண்ணி அவருக்கு அளிக்கும் சன்மானமன்று. கடனுக்கும் தர்மத்துக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம் இதற்கும் உண்டு.

அப்படியானால் பெட்டியில் வந்து விழும் ஒவ்வொரு மின்னஞ்சலுக்கும் பதில் எழுதியாக வேண்டுமா? அப்படி எழுதப் புகுந்தால் கடையைத் திறக்க நேரமிராது. ஆயிரம் பேருக்கு ஒரே மூச்சில் அனுப்பிய விளம்பரம் நமக்கு எழுதிய கடிதமாகாது. “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிமேல் பணத்தைப் புதுக் கணக்குக்கு அனுப்புக” என்று பழக்கமான கம்பெனியின் பெயரைப் போட்டு வருகிற மோசடிக் கடிதங்களும் உண்டு. அவற்றுக்குப் பதில் எழுதாமல், நமக்கு ஏற்கெனவே தெரிந்த டெலிபோன் நம்பரில் அந்தக் கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்பதே அறிவுடைமை. யார் என்று தெரியாதவருக்குப் பதில் எழுதத் தயங்குவதில் குற்றமில்லை. நம்மை அறிந்து, நம் பெயரைச் சொல்லி, நம்மிடமிருந்து மட்டுமே கிடைக்கக்கூடிய ஒன்றைக் கேட்டு எழுதியவருக்கே இந்த ஹக்கு உரியது.

ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்புவது இப்போதைய வழக்கம். பத்துப் பேரும் மற்றவர் எழுதிவிடுவார் என்றிருந்து, கடைசியில் ஒருவரும் எழுதுவதில்லை. சங்கங்களின் நிர்வாகக் குழுக்களில் இது சர்வ சாதாரணம். ஒரு கூட்டத்தைப் பார்த்து ஸலாம் சொன்னால் ஒருவர் பதில் சொல்வது எல்லாருக்கும் போதுமானது, ஒருவருமே சொல்லாவிட்டால் எல்லாருமே குற்றவாளிகள் என்பது நம் ஃபிக்ஹு நூல்களின் தீர்ப்பு. பத்துப் பேர் பெயரைப் போட்டு வந்த கடிதத்துக்கும் இதுவே அளவுகோலாகட்டும். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

பதில் எழுதாதவர் எல்லாரும் அலட்சியக்காரர் என்று எண்ணுவது பெரும் பிழை. நமக்குத் தெரிந்த மட்டில், அலட்சியத்தால் மௌனமாயிருப்பவரைக் காட்டிலும் கூச்சத்தால் மௌனமாயிருப்பவரே அதிகம். ‘இல்லை’ என்ற சொல் நம்மவர் வாயிலிருந்து எளிதில் வருவதில்லை. நேரில் கேட்டால் “பார்ப்போம்” என்போம். இன்னும் நெருக்கினால் “இன்ஷா அல்லாஹ்” என்போம். ஒரு காரியத்தைச் செய்ய உறுதி கொண்டவன் அல்லாஹ்வின் நாட்டத்தை முன்வைத்துச் சொல்ல வேண்டிய அந்தத் திருவார்த்தையை, செய்யப் போவதில்லை என்பதற்குத் திரையாகத் தொங்கவிடுவது எவ்வளவு பெரிய அபசாரம்! மின்னஞ்சலில் இந்தத் திரைக்கும் அவசியமில்லை. சும்மா இருந்தாலே போதும். ஒரு மகளுடைய நிக்காஹுக்கு உதவி கேட்டு ஊரிலிருந்து மச்சான் முறையில் ஒருவர் எழுதுகிறார். இந்த வருடம் கையில் ஓட்டமில்லை. இல்லையென்று எழுத மனம் வரவில்லை. நாளை எழுதலாம் என்று தள்ளி, நாளை மறுநாளாகி, ஒரு மாதம் கழிந்ததும், இனிமேல் எழுதினால் தாமதத்துக்கும் சமாதானம் சொல்ல வேண்டுமே என்ற புதிய கூச்சம் சேர்ந்துவிடுகிறது. நாள் ஆக ஆக, எழுதுவது இன்னும் கஷ்டமாகிறது. வட்டி ஹராம் என்று ஒதுங்கும் நாம், கூச்சத்தின் மேல் ஏறும் இந்த வட்டியை மட்டும் வளரவிடுகிறோம்.

அங்கே அந்த மச்சானுடைய நிலை என்ன? ‘இல்லை’ என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே இன்னொருவரைத் தேடிப் போயிருப்பார். தெரியாததால், வரும் வரும் என்று வேறு எவரையும் கேளாமல் இருந்துவிட்டார். இல்லை என்று சொல்லாமல் அவர் மனதைக் காத்ததாக நாம் நினைத்தோம். உண்மையில் அவருடைய நாட்களை எடுத்துக்கொண்டோம். பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 28ஆம் வசனம் இந்த நிலைமையைக் குறித்தே பேசுகிறது. கொடுக்க ஒன்றுமில்லாமல், இறைவனுடைய அருளை எதிர்பார்த்த நிலையில், கேட்டவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தால், அவரிடம் இதமான சொல்லைச் சொல்லும்படி அது பணிக்கிறது. பொருள் இல்லாதவனுக்கும் சொல் கடமையாகிறது. “தம்பி, கடிதம் கிடைத்தது. இவ்வருடம் என்னால் இயலவில்லை. அல்லாஹ் வேறு வழி திறப்பான், துஆச் செய்கிறேன்” என்று எழுதக் கால் மணி நேரங்கூட வேண்டாம்.

வேறொரு விதமான மௌனமும் உண்டு. எழுதுவதற்குத் தம்மிடம் விஷயம் இல்லையே என்று சும்மா இருப்பது. 2023ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை விதித்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில்தான் அதை நீக்கியது. அந்த ஐந்து மாதத்தில், ‘எப்பொழுது அனுப்புவீர்கள்?’ என்று இங்கிருந்து கேட்பவருக்கு அங்குள்ள ஏற்றுமதியாளர் என்ன எழுத முடியும்? அவருக்கே தெரியாதே! ஆயினும் தெரியவில்லை என்பதும் ஒரு பதில்தான். அதை எழுதினவருடைய வாடிக்கையாளர் வேறு நாட்டுச் சரக்கைத் தேடிக்கொள்வார். தடை நீங்கியதும் திரும்பியும் வருவார். எழுதாமலிருந்தவரிடம் அவர் திரும்பி வருவாரென்பது நிச்சயமில்லை.

கடன்பட்டவருடைய மௌனம் தனி வகை. கையில் பணமில்லாத வெட்கம் ஒருபுறமிருக்க, சிலர் சட்டம் தெரிந்தே மௌனம் சாதிப்பதுண்டு. மலேசியாவின் 1953ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டமும் சிங்கப்பூரின் 1959ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தக் கடனுக்கு வழக்குத் தொடர ஆறு வருடம் கெடு வைத்துள்ளன. அதற்குள் கடன்காரர், ‘ஆம், இவ்வளவு தர வேண்டியிருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் கெடு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே எழுதாமலிருந்தால் தப்பலாம் என்ற கணக்கு. இது சட்டத்தின் கண்ணுக்குச் சாதுரியமாக இருக்கலாம். ஆறு வருடம் போனால் நீதிமன்றத்தின் கதவு அடைபடும், கடன் அடைபடாது. ஜனாஸா தொழுகைக்கு முன்பு மையித்தின் கடனை யார் ஏற்கிறார் என்று கேட்கிற சமுதாயம் நாம். அந்தக் கேள்விக்கு ஆறு வருடக் கெடு கிடையாது.

இப்பொழுது காத்திருப்பவருடைய பக்கத்துக்கு வருவோம். பதில் வராதவருக்கும் சில கடமைகள் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இதற்கு, கலீபா உமர் (ரலி) அவர்கள் காலத்துச் சம்பவம் ஒன்றை ஊன்றிப் பார்க்க வேண்டும்.

அபூ மூஸல் அஷ்அரீ (ரலி) அவர்கள் ஒரு நாள் உமர் (ரலி) அவர்களுடைய வாசலில் நின்று உள்ளே வர அனுமதி கேட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்கள், மூன்றாம் முறையும் கேட்டார்கள். பதில் வராததால் திரும்பிப் போய்விட்டார்கள். உள்ளே கலீபா அவர்கள் ஏதோ அலுவலில் மூழ்கியிருந்தார்கள். அலுவல் முடிந்ததும், “கேட்டது அப்துல்லாஹ் இப்னு கைஸின் குரலல்லவா? வரச் சொல்லுங்கள்” என்ற கருத்தில் கூறினார்கள். அப்துல்லாஹ் இப்னு கைஸ் என்பது அபூ மூஸா அவர்களின் இயற்பெயர். அவர் போய்விட்டார் என்று தெரிந்ததும் அழைத்து வரச் செய்து, ஏன் திரும்பினீர் என்று வினவினார்கள். மூன்று முறை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டுமென்பது ரஸூலுல்லாஹி (ஸல்) அவர்களின் கட்டளை என்றார்கள் அபூ மூஸா. இதற்குச் சாட்சி வேண்டுமென்றார்கள் உமர் (ரலி) அவர்கள். அன்ஸாரிகளின் சபைக்குச் சென்று கேட்டபோது, இதற்கு எங்களில் மிக இளையவரே போதும் என்று அபூ ஸயீதுல் குத்ரீ (ரலி) அவர்களை அனுப்பினார்கள். சாட்சி கிடைத்தது. அப்பொழுது கலீபா அவர்கள், இப்படியொரு கட்டளை தமக்குத் தெரியாமல் போனதை நினைத்து வருந்தி, கடைவீதியில் கொடுக்கல் வாங்கலில் ஈடுபட்டிருந்ததே தம்மை இதிலிருந்து பராக்காக்கிவிட்டது என்றார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸை வியாபாரத்தைப் பற்றிய பாகத்திலேயே வைத்திருப்பது நம் போன்றோருக்காகத்தானோ என்று தோன்றுகிறது.

பதில் சொல்லாதவர் இங்கே நீதிக்குப் பேர்போன உமர் (ரலி). ஆகவே பதில் சொல்லாதவன் எல்லாம் அநியாயக்காரன் என்று தீர்மானிக்க இடமில்லை. வேலை மும்முரம் எவருக்கும் வரும். அபூ மூஸா அவர்கள் ஒரு முறையோடு விட்டுவிடவில்லை; இருபது முறை இடித்துக்கொண்டும் நிற்கவில்லை. மூன்று முறை கேட்டுவிட்டு, வாசலில் நின்று ஏசாமல், வழியில் கண்டவரிடம் குறை சொல்லாமல், திரும்பிப் போனார்கள். அப்படிப் போனதனால்தான் உள்ளே இருந்தவருக்கு அவரைத் தேடி ஆள் அனுப்பத் தோன்றியது. நம்மில் சிலரோ காலையில் ஒன்று, மதியம் ஒன்று, இரவில் நாலு கேள்விக்குறியுடன் ஒன்று என்று அனுப்புகின்றனர். ஒரே நாளில் மூன்று தட்டுவது மூன்று முறையாகாது. மின்னஞ்சலுக்கு, எமது அபிப்பிராயத்தில், ஒவ்வொரு தட்டுக்கும் இடையே ஒரு வாரமாவது விடலாம்; சரக்குக் கெட்டுப் போகும் அவசரமிருந்தால் டெலிபோன் இருக்கிறது. முகவரியில் ஓரெழுத்துப் பிசகினாலும் கடிதம் வேறெங்கோ போகும். குப்பைப் பெட்டியில் தானாக ஒதுக்கப்பட்டுக் கிடக்கலாம். எழுதிய முகவரிக்குரிய சிப்பந்தி வேலையை விட்டுப் போயிருக்கலாம். அவருடைய பெட்டியைத் திறப்பார் எவருமிரார். இரண்டாம் தட்டை வேறு கையால் தட்டுவது, அதாவது டெலிபோனிலோ நேரிலோ கேட்பது, இந்தக் காரணங்களை எல்லாம் ஒரேயடியாகத் தீர்த்துவிடும்.

மௌனத்துக்கு நாமாக ஒரு பொருளைக் கற்பித்துக் கொள்வது இதைவிடக் கெட்டது. “மூன்று நாளுக்குள் பதில் இல்லையேல் சம்மதமாகக் கொள்ளப்படும்” என்று கடிதத்தின் கீழே ஒரு வரி போட்டுவிடுகிற வழக்கம் இப்போது பரவி வருகிறது. இதற்குப் பழைய வழக்கொன்றை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். இங்கிலாந்தில் ஃபெல்ட்ஹவுஸ் என்பவர் தம் சகோதரர் மகனுடைய குதிரையை விலைபேசினார். மேற்கொண்டு பதில் வராவிட்டால் 30 பவுன் 15 ஷில்லிங்குக்குக் குதிரை தம்முடையது என்று வைத்துக்கொள்வதாக எழுதினார். பையன் பதில் எழுதவில்லை. ஆனால் குதிரையைக் கொடுக்க அவனுக்குச் சம்மதந்தான். ஏலக்காரரிடம் அதை விற்க வேண்டாமென்றுகூடச் சொல்லி வைத்தான். ஏலக்காரர் மறதியாக விற்றுவிட்டார். பெரியவர் ஏலக்காரர் மீது வழக்குப் போட்டார். பதில் எழுதாதவனுடைய மௌனத்தை ஒப்பந்தமாக்க எழுதியவருக்கு அதிகாரமில்லை என்று 1862ஆம் ஆண்டு தீர்ப்பாயிற்று. மனதுக்குள் சம்மதம் இருந்துங்கூட, வாய் திறவாததால் ஒப்பந்தம் ஏற்படவில்லை!

இது வெள்ளையர் சட்டம் மாத்திரமன்று. பேசாதவன் தலையில் ஒரு சொல்லைச் சுமத்தக்கூடாது என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களைச் சார்த்திக் கூறப்படும் சட்ட விதி. துருக்கியர் 1869 முதல் 1876 வரை தொகுத்த ‘மஜல்லா’ சட்டத்தின் 67ஆம் விதியும் அதுவே. அந்த மஜல்லா 1913இல் ஜொகூரில் மலாய் மொழியில் ‘மஜல்லா அஹ்காம் ஜொகூர்’ என்று வெளியாயிற்று. எனவே நாம் கடை வைத்திருக்கும் இந்த மண்ணுக்கும் அது அந்நியமானதன்று. அந்த விதிக்கு ஒரு பின்பாதியும் உண்டு. பேச வேண்டிய கட்டாயம் உள்ள இடத்தில் மௌனம் பேச்சாகிவிடும் என்பதே அது. மொத்த வியாபாரி அடுத்த மாதத்திலிருந்து விலையைக் கூட்டியிருப்பதாக எழுதுகிறார். நாம் பதில் எழுதவில்லை; ஆனால் வழக்கம்போல் சரக்கு எடுத்துக்கொண்டே இருக்கிறோம். பிறகு பில் வந்ததும் ‘நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?’ என்று கேட்பது நியாயமாகாது. நம் மௌனம் வாயால் பேசவில்லையென்றாலும் கையால் பேசிவிட்டது. கடிதம் பார்க்கவில்லை என்ற சமாதானமும் நெடுந்தூரம் செல்லாது. சிங்கப்பூரின் 2010ஆம் ஆண்டு மின்னியல் பரிவர்த்தனைச் சட்டப்படி, நாம் குறித்துக் கொடுத்த முகவரியில் எடுத்துப் படிக்கத்தக்க நிலைக்கு வந்துவிட்ட கடிதம் நமக்குக் கிடைத்ததாகவே கணக்கு. மலேசியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் போக்கும் ஏறக்குறைய அதுவே.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலை மும்முரத்தால் பதில் எழுத முடியவில்லை என்று சொல்லுகிற ஒருவருடைய பெட்டியைத் திறந்து பார்ப்போமாயின், வங்கி மானேஜருக்குப் பதில் எழுதியிருப்பார். பெரிய ஏஜெண்டுக்கு எழுதியிருப்பார். கடை வாடகையைக் கூட்டப் போகிற கட்டடச் சொந்தக்காரருக்கு உடனடியாக எழுதியிருப்பார். பதில் கிடைக்காதவர்கள் யார் யார்? பத்து டஜன் லுங்கி மாதிரி அனுப்பிவிட்டு அபிப்பிராயம் கேட்கும் ஈரோட்டுச் சிறு வியாபாரி. தன் பழைய சம்பள பாக்கியைப் பற்றி எழுதிய, ஊர் திரும்பிவிட்ட கடைச் சிப்பந்தி. படிப்பு முடித்து வேலை தேடும் பிள்ளை. மேல்நோக்கிப் போகிற பதிலுக்கு நேரம் இருக்கிறது. கீழ்நோக்கிப் போகிற பதிலுக்குத்தான் நேரமில்லை. இதை மறதி என்று சொல்லுவது சரியன்று. மறதிக்கு ஆள் தராதரம் தெரியாது.

‘அபஸ’ அத்தியாயம் இறங்கிய சந்தர்ப்பத்தை இங்கே அதபுடன் நினைவு கூர்வோம். குறைஷித் தலைவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது, கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் வந்து மார்க்கத்தைப் பற்றிக் கேட்டார்கள். தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்தால் ஒரு சமூகமே வரும் என்ற உயர்ந்த நோக்கத்திலேயே நாயகம் அவர்கள் முகம் திருப்பினார்கள். அதற்கே வஹீ வந்தது. பின்னாளில் அந்தக் கண்பார்வையற்ற ஸஹாபி மதீனாவில் பாங்கு சொல்லும் சிறப்பைப் பெற்றார்கள்; நாயகம் அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்ற சமயங்களில் அவர்களின் பிரதிநிதியாகவும் நின்றார்கள். லாப நோக்கத்தினாலேயே முகம் திருப்புகிற நாம், அந்த அத்தியாயத்தை ஓதும்போது கொஞ்சம் நிறுத்தி ஓத வேண்டும்.

மூன்று முறை தட்டியும் பதிலில்லை, விஷயமோ பணம் என்றால் என்ன செய்வது? திரும்பிவிடு என்பது வீட்டு வாசலுக்குரிய சட்டம். உரிமையை விட்டுவிடு என்பது அதன் பொருளன்று. கடன்பட்டவர் உண்மையிலேயே கஷ்டத்தில் இருக்கிறாரென்று விசாரித்துத் தெரிந்தால், வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி அல்பகரா அத்தியாயம் 280ஆம் வசனம் கூறுகிறது. ஆகவே, “இயலாவிட்டால் இயலாதென்று எழுதுங்கள், தவணை பேசிக்கொள்வோம்” என்று மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி சேர்ப்பது நல்லது. வெட்கத்தால் ஒளிந்திருப்பவருக்கு அது வாசலைத் திறந்துவிடும். வசதியிருந்தும் இழுத்தடிப்பவர் விஷயம் வேறு. அது அநியாயம் என்று நாயகம் (ஸல்) அவர்களே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். அத்தகையவர்மீது வழக்குப் போடுவதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. சிங்கப்பூரில் சரக்கு, சேவை சம்பந்தமான 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் எழுதி ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலானவற்றையும் சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் விசாரிக்கிறது. அங்கே நாம் அனுப்பிய அந்த மூன்று கடிதங்களும், அவற்றின் தேதிகளும், அடக்கமான வாசகமும் நமக்குச் சாட்சியாகப் பேசும். கோபத்தில் எழுதிய நாலாவது கடிதம் எதிரிக்குச் சாட்சியாகப் பேசும்.

சிலர் இதற்கெல்லாம் பொறுமையின்றி, நூறு பேர் உள்ள வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரையும் கடைப் பெயரையும் போட்டு விடுகின்றனர். வசதியுள்ளவன் இழுத்தடித்தால் அவனுடைய மானம் ஹலாலாகிவிடும் என்று ஹதீஸ் இருக்கிறதே என்று ஆதாரமும் காட்டுகின்றனர். அந்த ஹதீஸ் இருப்பது உண்மை. ஆனால் மானம் ஹலாலாவது என்றால் எவ்வளவு என்பதற்கு சுஃப்யான் (ரஹ்) அவர்கள் தந்த விளக்கத்தை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கூடவே எழுதியிருக்கிறார்கள். ‘நீ என்னை இழுத்தடித்துவிட்டாய்’ என்று கடன் கொடுத்தவர் சொல்லலாம், அவ்வளவே. அவருடைய குடும்பத்தைப் பற்றியோ, அவர் தகப்பனார் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றியோ, வாங்கிய புதுக் காரைப் பற்றியோ ஊருக்கு அறிவிக்க அதில் அனுமதி கிடையாது. அதிகாரியிடமோ நீதிமன்றத்திலோ முறையிடுவது புறம் பேசுவதாகாது. அவரோடு புதிதாகக் கொடுக்கல் வாங்கல் வைக்கப் போகும் ஒருவர் நம்மிடம் வந்து விசாரித்தால், அறிந்ததை அறிந்த அளவில் சொல்லுவதும் ஆகும். கேளாத நூறு பேருக்கு எடுத்துச் சொல்லுவதற்கு நம் உலமாக்கள் வழிவிடவில்லை. மேலும், அந்த நூறு பேரில் நமக்குப் பதில் எழுத வேண்டியவர் இன்னும் சிலர் இருப்பர். இதைப் படித்த பிறகு அவர்கள் நமக்கு எழுத இன்னும் அஞ்சுவார்கள்.